நாலாம் நம்பர் ஜாக்கி

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுக்குக் கிழக்கே, வாளையார் மலை தெரிகிற பொட்டலில், குதிரைப் பந்தயம் நடத்துவதற்கென்றே ஒரு மகாசங்கம் இருக்கிறது. சங்கத்துக்கு ஒரு தலைவர், மூன்று துணைத்தலைவர்கள், ஏழு செயலாளர்கள், பதினோரு கமிட்டிகள். வேலிக்கு ஒரு கமிட்டி, வேலிக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு கமிட்டி, குடைக்கு ஒரு கமிட்டி. குதிரைதான் சொந்தமாக ஒன்றுகூடக் கிடையாது. அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுக்குழுவில் ஏகமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டார்கள். கமிட்டி மெம்பர்களை அப்படி வாடகைக்குப் பிடிக்க முடியாது இல்லையா?

இந்தச் சங்கத்தில் பதிவேடுகளுக்கான இணைச் செயலாளர் சகாயம். ஒரு ஃபாக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகன் ரிஜின் மெஷின் மெக்கானிக். போன வருஷம் குமுளியில் ஒரு கடையில் ஏலக்காய் பாக்கெட் போடுகிற மெஷினைப் பழுது பார்க்கப் போனவன், அங்கே பில் போடுகிற சோனாவைப் பார்த்துவிட்டான். மெஷின் அன்றைக்கே சரியாகிவிட்டது. ஆனாலும் பையன் அதற்கப்புறம் ஆறு தடவை அதைப் பழுது பார்க்கப் போனான்.

சோனாவின் அப்பா சூசையப்பன். இடுக்கி மலையில் ஆனைக்கரைப் பக்கம் ஏலத்தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷமாகக் காய் எடுக்கிறவர். ஆள் ஒல்லி, காற்றடித்தால் குடையைப் பிடிப்பதா இவரைப் பிடிப்பதா என்று கத்தரீனாளுக்குக் கவலை வரும். கத்தரீனாள் அவர் பெண்டாட்டி. அவளுக்கும் அதே தோட்டத்தில்தான் வேலை, ஆனால் வாய் வேறு.

"பொண்ணு ஊட்டுக்காரங்க எங்க ஊட்டுக்கு வரலாமுங்க," என்று, கல்யாணப் பேச்சு எடுத்தபோது சகாயம் சூசையப்பனிடம் போனில் சொன்னார். "ஆனா ஊட்ல வந்து பாத்தா என்னையப் பத்தி என்னங்க தெரியும்? பந்தயத்தன்னைக்கு எங்க கிளப்புக்கு வாங்க. நம்ம லெவல் என்னன்னு பாருங்க. அப்பறம் பேசலாமுங்க."

அதனால் சூசையப்பனும் கத்தரீனாளும் முந்தின நாளே கிளம்பி, குமுளியிலிருந்து கம்பம் இறங்கி, பழனி, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தார்கள். கிளம்பும்போது சோனா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பா, அவுக என்ன சொன்னாலும் தலைய ஆட்டுங்க. ஏடாகூடமா எதையும் செஞ்சிராதீக. இது நடக்கலேன்னா நான் என்னா செய்வேன்னு எனக்கே தெரியல." சொல்லும்போது அவள் கண் கலங்கியிருந்தது. அந்தப் பிள்ளை சின்ன வயசில்கூட எதற்கும் அழுததில்லை. சூசையப்பன் அப்போது ஆட்டிய தலையை கஞ்சிக்கோடு வரைக்கும் நிறுத்தவில்லை என்று கத்தரீனாள் பிற்பாடு சொன்னாள்.

காலை ஒன்பதரைக்கு மூன்றாம் கேட்டில் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு ஒல்லிப் பையன் காவலாளியோடு மல்லுக்கு நின்றான்.

"அண்ணா, நான் ஜோஜோ. ஜாக்கி. குதிரை ஓட்ட வந்திருக்கறனுங்க."

"ஜாக்கி பாஸ் எங்க?"

"உள்ள ஆபீஸ்ல தர்றம்னாங்க."

"அப்ப உள்ள போயி வாங்கிட்டு வா."

"உள்ள விட்டாத்தானுங்க வாங்க முடியும்."

"பாஸ் இல்லாம எப்பிடி உள்ள விடறது? பார்வையாளருன்னா சொல்லு, இப்பவே கையில பட்டை கட்டி விடறேன்."

ஜோஜோ கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். பிறகு கையை நீட்டினான். மஞ்சள் பட்டை கட்டிக்கொண்டு பார்வையாளராகி உள்ளே போனான்.

சூசையப்பன் தம்பதிக்கும் பட்டை கட்டினார்கள். 'இன்றைய அனுபவம் எப்படி இருந்தது?' என்று ஒரு தாளையும் கொடுத்தார்கள். போகும்போது எல்லோரும் அவசரத்தில் போய்விடுகிறார்களாம். அதனால் அனுபவத்தை வரும்போதே எழுதி வாங்கிவிடுவது சங்கத்தின் ஏற்பாடு. கத்தரீனாள் ஒன்பது நாற்பதுக்கு, 'ரொம்ப நல்லா இருந்துச்சு' என்று எழுதிக் கொடுத்தாள். அடுத்து அபேட்சை என்று இன்னொரு விண்ணப்பத் தாள். பணம் வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது என்பதால், எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று மனதுக்குள் நினைத்துக்கொள்ள மட்டும் அங்கே அனுமதி. நினைப்பதற்கு முன் இரண்டு பிரதியில் எழுதிக் கொடுத்து சீல் வாங்கவேண்டும். சூசையப்பன் எதையும் நினைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதற்கும் சீல் அடித்தார்கள்.

உள்ளே சகாயம் நின்றிருந்தார். அந்த வெயிலில் கோட்டு. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ரிப்பன் பூ, அதன் நடுவில் அவர் பதவி. பக்கத்தில் அவர் மனைவி சந்தனமேரி, தலையில் பிளாஸ்டிக் ரோஜா வைத்த தொப்பியோடு. சூசையப்பன் கையிலிருந்த மஞ்சப்பையை இரண்டு கையாலும் நீட்டினார். அதில் தோட்டத்து ஏலக்காய் ஒரு கிலோ, முதல் தரம், அவரே பொறுக்கியது.

"அய்யய்யோ, வேண்டாமுங்க மிஸ்டர் சூசையப்பன்! டூட்டியில இருக்கறப்ப கை நீட்டக் கூடாதுங்க. நீங்களே வெச்சுக்குங்க," என்று சகாயம் இரண்டடி பின்னால் போனார்.

மிஸ்டர் என்றாரே தவிர சம்பந்தி என்று சொல்லவில்லை. கத்தரீனாள் அதைக் கவனித்துக்கொண்டாள். சூசையப்பன் தலையை ஆட்டினார்.

பந்தலில் உட்காருவதற்குத் தொப்பி கட்டாயம். சீமையில் அப்படித்தானாம். பெண்களுக்குத் தொப்பி சங்கமே கொடுக்கும். ஆண்கள் தங்கள் தொப்பியைத் தாங்களே கொண்டுவர வேண்டும். நல்லவேளையாக சூசையப்பனிடம் மங்கிகுல்லா இருந்தது. இடுக்கிக்காரர் எவரும் அது இல்லாமல் வெளியூர் கிளம்புவதில்லை. பாலக்காட்டு வெயிலில், காது, கழுத்து எல்லாம் மூடி, மூக்கு மட்டும் தெரிய உட்கார்ந்தார். தொப்பிக் கமிட்டிக்காரர் வந்து பார்த்து, "கரெக்ட்டுங்க, விதிமுறைப்படி இருக்குது," என்று பாராட்டிவிட்டுப் போனார். அடுத்த நாற்காலியில் ஜோஜோ. அவன் தலையில் கைக்குட்டையை நாலு மூலையும் முடிந்து வைத்திருந்தான்.

பிறகு உத்காடனம், அதாவது தொடக்க விழா. ஐந்து திரி விளக்கை ஒன்பது பேர் ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்துவது முடிய முக்கால் மணி நேரம். போர்த்தியவர்களுக்குப் போர்த்தப்பட்டவர்கள் திருப்பிப் போர்த்தினார்கள். கடைசியில் தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"அன்பர்களே! நம்முடைய சங்கத்தைப் பற்றி வெளியிலே சிலர், இவர்களிடம் குதிரை எங்கே என்று கேட்கிறார்கள். நான் கேட்கிறேன், குதிரையா முக்கியம்? குதிரை இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். ஒழுங்கு அப்படிப் போகாது. முதல் வருஷம் ஒரு குதிரைகூட இல்லாமல் இந்தப் பரிபாடியை, இந்த விழாவை, நடத்தினோம். ஒரு விபத்து உண்டா? ஒரு புகார் உண்டா? பார்வையாளர் அனுபவத்தில் நூற்றுக்கு நூறு! குதிரையைக் கொண்டுவந்த பிறகுதான் அது தொண்ணூற்றி ஏழாகக் குறைந்தது. இருந்தாலும், ஜனநாயகத்தில் குதிரைக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற பெருந்தன்மையால் இந்த வருஷம் ஐந்து குதிரைகளை அனுமதித்திருக்கிறோம்!"

கைத்தட்டல். சகாயம் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அன்று சாயங்காலம் அவரைத் துணைத்தலைவராக அறிவிக்கப் போகிறார்கள் என்று சந்தனமேரி தாழ்ந்த குரலில் கத்தரீனாளிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் காணோம்.

மங்கிகுல்லாவுக்குள் சூசையப்பன் வெந்துகொண்டிருந்தார். தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று பெண்டாட்டியிடம் சொல்லி எழுந்து, மஞ்சப்பையோடு பந்தலுக்குப் பின்னால் போனார். அங்கே தகரக் கொட்டகை ஒன்று. அதற்குள் ஒரு பெரிய எடை மெஷின். மேஜையில் தடித்த ரெஜிஸ்டர், அதன் பின்னால் ஒரு ஆள். எதிரே நாலு ஒல்லி மனிதர்கள், கையில் ஆளுக்கொரு சுமையோடு வரிசை கட்டி நின்றார்கள்.

இனி நடந்ததற்கு சூசையப்பனைக் குறை சொல்லிப் பயனில்லை. தராசு இருந்து, அதன் பக்கத்தில் ரெஜிஸ்டரோடு ஒரு ஆள் இருந்து, எதிரே வரிசையும் இருந்தால், ஏலத்தோட்டத்து ஆள் என்ன செய்வான்? கடைசியில் போய் நிற்பான். ஏன், எதற்கு என்று கேட்கமாட்டான். கேட்டவன் சுமை கடைசியாகத்தான் எடை போடப்படும். முப்பத்தெட்டு வருஷம் சாயங்காலம் தவறாமல் நின்ற கால், தானாகப் போய் ஐந்தாவது ஆளாக நின்றுகொண்டது. முன்னால் நின்றவர்கள் சுமந்திருந்தது குதிரைச் சேணம் என்பது அவருக்குத் தெரியாது. வெளியூரில் மூட்டை அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்தார்.

அவர் முறை வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, பையோடு மெஷின் மேல் ஏறினார்.

"நம்பருங்க?" என்றான் ரெஜிஸ்டர் எழுதுகிற சந்துரு, தலையைத் தூக்காமலே.

தோட்டத்து ஆட்கள் பெயர் எழுதுகிற செக்ரோலில் சூசையப்பன் நம்பர் நான்கு. அவருக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் ஓய்வு பெற்று, காலமும் ஆகிவிட்டார்கள். "நாலு," என்றார்.

"பேரு?"

"சூசையப்பன்."

நாலாம் நம்பருக்கு நேரே ஜோஜோ என்று பென்சிலில் எழுதியிருந்தது. பென்சில்தானே என்று சந்துரு ரப்பரால் அழித்துவிட்டு, பேனாவால் சூசையப்பன் என்று அழகாக எழுதினான். "சேணம்?" என்று கேட்டு நிமிர்ந்தவன், அவர் கையைப் பார்த்துவிட்டு 'மஞ்சப்பை ஒன்று' என்று எழுதிக்கொண்டான். "நாப்பத்தெட்டு கிலோ இருநூறு."

"கழிச்சது எம்புட்டுங்க?" என்று கேட்டார் சூசையப்பன்.

"கழிக்கறதா? எதுக்குங்க கழிக்கணும்?"

சூசையப்பன் ரெஜிஸ்டரை எட்டிப் பார்த்தார். சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ என்று மழையே இல்லாத மார்ச் மாதத்தில்கூடக் கழித்துத்தான் அவருக்கு எழுதுவார்கள். தராசு காட்டியதை அப்படியே ஒரு மனிதன் எழுதி அவர் பார்த்தது இதுதான் முதல் தடவை. ஆகா, இதுவல்லவா கிளப்பு! இந்த வீட்டில் சோனா வாழப் போனால் நல்லாயிருப்பாள் என்று அவருக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்த உபசாரத்தை என்னவென்று சொல்ல! ஒரு ஆள் வந்து பச்சையும் வெள்ளையுமாகப் பட்டுச் சட்டை போட்டுவிட்டான். இன்னொருத்தன் மங்கிகுல்லாவுக்கு மேலேயே ஹெல்மெட்டை வைத்து வார் இழுத்துக் கட்டினான். விசிறிக்குக் கீழே உட்காரவைத்து வாழைப்பழமும் பால் விடாத கட்டன் காப்பியும் கொடுத்தார்கள். பெண்ணைப் பெற்றவன் என்பதற்காகச் சகாயம் சொல்லி வைத்திருக்கிறார், வெளியே விறைப்பு, உள்ளே தங்கம் என்று நினைத்தார். கத்தரீனாளுக்கும் ஒரு பழம் வாங்கிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தார்.

அப்போதுதான் ஒரு ஆள் குதிரையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி, "ஏறுங்க," என்றான்.

"எதுல?"

"மகாராணி மேலதானுங்க. நாலாம் நம்பரு நீங்கதானே?"

சூசையப்பன் குதிரையைப் பார்த்தார். குதிரையும் அவரைப் பார்த்தது. இருவரில் யாருக்கு அதிக ஆச்சரியம் என்று சொல்வது கஷ்டம்.

"தம்பி, நான் பொண்ணு வீட்டுக்காரன்ய்யா! பந்தயம் பாக்க வந்தவன். குதிரையில ஏறினதே கெடையாது. கோவேறு கழுதையில ஒரு தடவ ஏறி, அதுவும் தள்ளிவிட்டுருச்சு!"

சந்துருவைக் கூப்பிட்டார்கள். சந்துரு ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினான். பேனா எழுத்து. தலைவரே இறங்கி வந்தார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். பிறகு சூசையப்பன் தோளில் கை போட்டார்.

"பெரியவரே, உங்கள் சங்கடம் புரிகிறது. ஆனால் நீங்கள் ஜாக்கி இல்லை என்று நீங்கள் ஒருவர்தான் சொல்கிறீர்கள். ஆமாம் என்று ரெஜிஸ்டர் சொல்கிறது. நான் யாரை நம்புவது? பேனாவில் எழுதியதைத் திருத்த வேண்டுமென்றால் திருத்தல் கமிட்டி கூட வேண்டும். கமிட்டி அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை கூடும். அதுவரை குதிரையை நிறுத்திவைக்க முடியுமா? வாடகைக் குதிரை! எங்களுக்கு விதிமுறை பெரிதே தவிர, உயிரெல்லாம் அதற்கப்புறம்தான். இல்லையென்றால் நாளைக்கு வருகிறவன் எல்லாம் உயிர் உயிர் என்று ஆரம்பித்துவிடுவான்."

சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்கு நேரமாகிவிட்டதென்று போனார்.

சகாயம் ஓடிவந்தார். முகம் வெளுத்திருந்தது. சூசையப்பனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"சம்பந்தி!" என்றார்.

சூசையப்பனுக்கு முதுகெல்லாம் சிலிர்த்தது. அந்த வார்த்தையைக் கேட்கத்தானே இரண்டு நாள் பஸ்ஸில் வந்தார்!

"என்ற மானமே உங்க கையில இருக்குதுங்க சம்பந்தி. ரெஜிஸ்டரு என்ற பொறுப்புங்க. அதுல தப்புன்னு ஒரு வார்த்தை வந்துச்சுன்னா, துணைத்தலைவரு இல்ல, இருக்கற பதவியும் போச்சு. அப்பறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஊட்ல கல்யாணப் பேச்செடுக்கறதுங்க? ஒரே ஒரு ரவுண்டு. கண்ண மூடிட்டு உக்காந்திருங்க. குதிரை பாத்துக்கும்."

விழுந்தால் கழுத்து முறியும். ஏறாவிட்டால் சோனாவின் கல்யாணம் முறியும். கழுத்துக்கு வயசு அறுபதாகிவிட்டது, பிள்ளைக்கு இருபத்துமூன்றுதான் என்று சூசையப்பன் கணக்குப் போட்டார். அந்தோணியாரை நினைத்துக்கொண்டார். மஞ்சப்பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு தலையை ஆட்டினார். ஸ்டூல் போட்டு, இரண்டு பேர் கீழிருந்து தள்ளி, ஒருவர் மேலேயிருந்து இழுத்து, அவரை மகாராணியின் முதுகில் ஏற்றினார்கள்.

மகாராணி பொள்ளாச்சியிலிருந்து வந்தவள். கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளைகளைச் சுமப்பது அவள் தொழில். மற்ற நாலு குதிரைகளும் மலையில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு நடப்பவை. ஐந்தும் வெள்ளைக்கோட்டில் வந்து நின்றன.

பந்தலிலிருந்து ஒரு குரல் பொட்டலைக் கிழித்தது. "ஏங்க! அங்க என்னாங்க பண்றீக? தண்ணி குடிக்கப் போன மனுசன் குதிரையில வர்றதப் பாருங்கடி! எறங்குங்க மொதல்ல!"

கத்தரீனாள்தான். காற்றில் பறக்கப் பார்த்த தொப்பியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, வேலிக் கம்பியை மற்றொரு கையால் உலுக்கினாள். பக்கத்தில் ஜோஜோ எழுந்து நின்றான்.

"அக்கா, அது என்ற குதிரைங்க."

"அப்ப போயி ஏறித் தொலையேன்டா!"

"பார்வையாளரு வேலி தாண்டக் கூடாதுங்க," என்று ஜோஜோ கையிலிருந்த பட்டையைக் காட்டினான். அதற்குள் அவனுக்கு இரண்டு சமோசாவும் ஒரு பாராட்டுச் சான்றிதழும் கொடுத்திருந்தார்கள்.

கொடியசைக்கும் முன் தலைவர் இன்னொரு முறை பேசினார். ஒழுங்கைப் பற்றி முப்பத்தைந்து நிமிஷம். வெயில் தாங்காமல் ஒரு ஜாக்கி இரண்டு சோடா குடித்தான். ஒருத்தன் வேர்த்து ஊற்றினான். ஒருத்தன் பூட்ஸ் காலைக் கடிக்கிறதென்று கழற்றி எறிந்தான். இன்னொருத்தன் பொறுக்க முடியாமல் குதிரையோடு வேலி ஓரமாக ஒதுங்கிவிட்டு வந்தான். சூசையப்பன் மட்டும் அசையவில்லை. அசைந்தால் விழுந்துவிடுவோம் என்ற பயம்.

பேச்சு முடிந்தது. சங்கு ஊதியது. மூடிப்போன மில்லிலிருந்து வாங்கி வைத்த பழைய சங்கு அது. அதை ஊதியதும் குதிரைகள் புறப்பட வேண்டும்.

தோட்டத்தில் சங்கு ஊதினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கையில் காய் இருந்தாலும் சரி, அதை அப்படியே விட்டுவிட்டு இறங்க வேண்டியதுதான். சங்குச் சத்தம் காதில் விழுந்ததோ இல்லையோ, சூசையப்பன், "அப்பாடா, ஆண்டவரே!" என்று ஒரு காலைத் தூக்கிப் போட்டு, மகாராணியின் வயிற்றோடு சறுக்கி, தரையில் நின்றுவிட்டார். ஏறும்போது மூன்று பேர் தேவைப்பட்ட மனிதர், இறங்கும்போது யாரையும் தொந்தரவு செய்யவில்லை.

நாலு குதிரைகள் புறப்பட்டன. மகாராணி மட்டும், முதுகு காலியானதே, மாப்பிள்ளை எங்கே என்று சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்னால் போனவற்றில் ஒன்று நூறடிக்கு ஒரு தடவை நின்று, கேமராவுக்கு முகத்தைக் காட்டியது. அது அதன் பழக்கம். இரண்டு குதிரைகள் பாதி தூரம் போய், சுற்றுலா முடிந்ததென்று அவையாகவே திரும்பிவிட்டன. மிச்சமிருந்த ஒரு குதிரை மட்டும்தான் உருப்படியாக ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து, முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் சிறப்பு விருந்தினரின் கார் வந்து நின்றது. வரவேற்புக் கமிட்டி பேண்டு வாத்தியத்துக்குச் சைகை காட்டியது. டிரம்மும் ட்ரம்பெட்டும் முழங்கின. மகாராணி காதை நிமிர்த்தினாள். பேண்டு அடித்தால் ஊர்வலம், ஊர்வலம் முடிந்தால் கொள்ளு. இது தெரியாதா அவளுக்கு? பாய்ந்தாள் பாருங்கள், எடுத்த எடுப்பில்! நின்று போஸ் கொடுத்த குதிரையைத் தாண்டி, திரும்பி வந்த இரண்டையும் மோதாமல் விலகி, உருப்படியாக ஓடிய குதிரையையும் கடைசி இருபது அடியில் முந்திக்கொண்டு, கோட்டைக் கடந்து, நேரே பேண்டுக்காரர்கள் நடுவில் போய் நின்று தலையை ஆட்டினாள்.

கூட்டம் எழுந்து நின்று கத்தியது. சூசையப்பன் புறப்பட்ட இடத்திலேயே நின்று அவரும் கைதட்டினார். இந்தக் கூத்தில் அவருக்குப் பந்தயத்தை நன்றாகப் பார்க்கக் கிடைத்துவிட்டது.

பந்தயம் முடிந்தால் மறுபடி எடை. முன்னால் போட்ட எடையும் பின்னால் போட்ட எடையும் இம்மி பிசகாமல் ஒத்துப்போக வேண்டும்; பிசகினால் தகுதி இல்லை. சோடா குடித்தவன் நானூறு கிராம் கூடியிருந்தான். வேர்த்தவன் முந்நூறு குறைந்திருந்தான். பூட்ஸை எறிந்தவனும், வேலி ஓரம் ஒதுங்கியவனும் குறைந்திருந்தார்கள். சந்துரு நாலு பேர் பெயரையும் வரிசையாகக் கோடு போட்டு அடித்தான். கடைசியாக சூசையப்பன் பட்டுச் சட்டையையும் ஹெல்மெட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, பையோடு ஏறி நின்றார். பழத்திலும் காப்பியிலும் ஏறியது பயத்தில் இறங்கியிருக்க வேண்டும்.

"நாப்பத்தெட்டு கிலோ இருநூறு!" என்று சந்துரு கத்தினான். "அப்பிடியே இருக்குதுங்க! இந்தக் கிளப்பு வரலாற்றிலயே மொத தடவைங்க!"

"தம்பி, நான்தான் குதிரையிலயே இல்லையே," என்றார் சூசையப்பன். பொய்க்கு மாலை வாங்க அவருக்கு மனசு வரவில்லை. "சங்கு ஊதுச்சு, எறங்கிட்டேன். எல்லாருந்தான் பாத்தாகளே!"

"நம்பரு இருக்குது, பேரு இருக்குது, எடை இருக்குது, குதிரை கோட்டைத் தாண்டின நேரம் இருக்குது," என்று சந்துரு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினான். "மேல ஆள் இருந்தாரான்னு எழுத இதுல கட்டமே இல்லீங்களே."

தலைவர் மைக்கில், இவ்வளவு அடக்கமான ஜாக்கியை இந்தியாவே கண்டதில்லை என்று அறிவித்தார். பொன்னாடைகள் விழுந்தன. சூசையப்பன் உண்மையைச் சொல்லச் சொல்ல, அதற்கும் கைதட்டினார்கள்.

சந்துருவைத் தவிர மற்றவர்கள் கொட்டகையை விட்டுப் போன பிறகு சகாயம் ரெஜிஸ்டரை விரித்து, பேனாவை நீட்டினார். முகம் மலர்ந்திருந்தது. "ஜெயிச்சவரு கையெழுத்துப் போட்டாத்தானுங்க முடிவு செல்லும். இங்க போடுங்க சம்பந்தி. அஞ்சு நிமிசத்துல எனக்குப் பதவியேற்பு."

"நில்லுங்க," என்றாள் கத்தரீனாள். வேலியைச் சுற்றி, மூன்று கமிட்டியைத் தள்ளிவிட்டு வந்திருந்தாள். பின்னாலேயே சந்தனமேரி. "சம்பந்தியாமில்ல! இந்த வார்த்த காலையில எங்கய்யா போயிருந்துச்சு? அப்ப மிஸ்டரு. எம்புருசன் கழுத்தப் பணயம் வச்ச பெறகு சம்பந்தியா? சரி, கல்யாணம் எப்ப?"

சகாயம் தொண்டையைச் செருமினார். "அது வந்துங்க... எங்க குடும்பத்துல பெரியவங்க நாலு பேரு உக்காந்து, நம்ம லெவலுக்கு ஒத்து வருமான்னு பாத்து, அடுத்த மாசம் கலந்து பேசி..."

சூசையப்பன் பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

அவர் ஒன்றும் கோபமாக வைக்கவில்லை. மெதுவாகத்தான் வைத்தார். ஆனால் காலையிலிருந்து ஆடிக்கொண்டிருந்த தலை அப்போது நின்றுவிட்டது. "நான் குதிரையில ஏறுனது உங்க பதவிக்காக இல்லீங்க," என்றார். "எம்புள்ளைக்காக. செத்தாலும் சரின்னுதான் ஏறுனேன். நீங்க மாசக்கணக்கா பேசுறதுன்னா, நானும் மாசக்கணக்கா யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடணும்."

வெளியே மைக்கில், "அடுத்ததாக நமது புதிய துணைத்தலைவர்..." என்று ஆரம்பித்துவிட்டார்கள். சகாயம் வாசலைப் பார்த்தார், ரெஜிஸ்டரைப் பார்த்தார், மூடிய பேனாவைப் பார்த்தார்.

"என்னங்க பண்ணணும்?"

"எழுதுங்க," என்றாள் கத்தரீனாள். "இதே ரெஜிஸ்டருல, இதே பக்கத்துல. ரிஜினுக்கும் சோனாவுக்கும் கல்யாணம் நிச்சயமாச்சு. தவக்காலம் முடிஞ்சு, ஈஸ்டர் கழிச்சு ரெண்டாவது திங்கக்கிழமை. பேனாவுலயே எழுதுங்க."

சகாயம் எழுத உட்கார்ந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று தொடங்கினார். சூசையப்பன் குனிந்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். சகாயம் பெருமூச்சு விட்டு, அடுத்த வரியில், 'நிச்சயமானது' என்று முழுசாக எழுதினார். தேதி போட்டார். ஸ்டோர் கீப்பர் எழுத்து, முத்து முத்தாக இருந்தது. அதன் கீழே சூசையப்பன் கையெழுத்துப் போட்டு, பேனாவைச் சகாயத்திடம் திருப்பிக் கொடுத்தார். பையைக் கழுத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தார். இந்த முறை சகாயம் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணுமுங்களே," என்றான் சந்துரு. "ஆரு போடறீங்க?"

சந்தனமேரி முன்னால் வந்தாள். ரோஜாத் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, பேனாவைப் புருஷன் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டாள்.

"நான் போடறேன். முப்பது வருசமா இந்த மனுசன் எழுதறதையே பாத்துட்டு இருக்கறனுங்க. உருப்படியா எழுதின ஒரே வரி இதுதான்."